வேர் நுனியின் உட்சட்டமும் வளர்ச்சி ஹார்மோன்களும்

திருச்சிராப்பள்ளி நகரத்துத் தென்னூர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் வந்திறங்கும் விளைபொருள்களைக் காண்பவர், கீரையின் பசுமையையும் வாழைத்தாரின் பருமனையும் சின்ன வெங்காயத்தின் திரட்சியையும் கொண்டே விலை மதிக்கின்றனர். இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் சிறப்புகள். இச்சிறப்புகளுக்கு ஆதாரமாய் நிற்பதோ கண்ணுக்குப் புலப்படாத வேர். பேட்டைவாய்த்தலையில் காவேரியினின்று பிரிந்து இந்நகரத்தின் ஊடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் நீரும், குடியானவர் கடன் வாங்கி இடும் உரமும் பயிருக்குள் புகும் வாசல் வேரேயாகும். அவ்வாசல் பழுதுபட்டால், வாய்க்காலில் நீர் இருந்தும் மூட்டையில் உரம் இருந்தும் பயன் இல்லை.

வேர் பழுதுற்ற வயலைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். மண்ணில் ஈரம் இருக்கும். ஆயினும் பயிர் நண்பகலில் வாடும். இலை நுனி மஞ்சளிக்கும். பக்கத்து வயலைக் காட்டிலும் வளர்ச்சி குன்றி நிற்கும். முதலில் யூரியா இடப்படுகிறது, பயிர் தேறுவதில்லை. அதன்பின் யாரோ சொன்ன சொல்லைக் கேட்டு, "வேர் வளர்க்கும் மருந்து" என்று ஒரு குப்பி வாங்கித் தெளிக்கப்படுகிறது; அப்பொழுதும் தேறுவதில்லை. கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கும்பொழுதுதான், வேர் நூல்போல் நீளாமல், நுனி தடித்துக் குண்டாந்தடிபோல் திரண்டிருப்பது தெரிய வருகிறது. இதற்குள் இரண்டு வாரமும், இரண்டு செலவும் போய்விடுகின்றன.

இத்தகைய குறையில் ஹார்மோன் தெளிப்பு ஏன் பலிப்பதில்லை, எந்தக் குறையில் அது பலிக்கும் என்பதை அறிவதற்கு, வேர் நுனியின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம். சென்ற நூறாண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்த இவ்விஷயம் கேட்பதற்கு நுட்பமாயிருப்பினும், அதன் பயன் நேரே வயலுக்கு வருவதாகும்.

வேர் நுனியின் அமைப்பு

வேர் வளர்வது அதன் நுனிக்கு அருகே சில மில்லிமீட்டர் நீளத்திற்குள் மட்டுமே. நுனியின் கடைக்கோடியில் தொப்பிபோல் ஒரு மூடி உண்டு. மண்ணைத் துளைத்துச் செல்கையில் நுனி தேய்ந்துபோகாமல் இம்மூடி காக்கின்றது. மூடிக்குப் பின்னே, உயிரணுக்கள் ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும் பகுதி. அதற்கும் பின்னே, பெருகிய உயிரணுக்கள் நீளும் பகுதி. வேர் முன்னேறுவது இந்நீட்சியினாலேயே. அதற்குப் பின்னே நீரையும் உப்புகளையும் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் தோன்றுகின்றன. ஆகவே நுனியிலுள்ள உயிரணுக்கள் பிளவாமலும் நீளாமலும் நின்றுவிட்டால், புதிய தூவிகள் தோன்றுவதற்கு இடமே இல்லாமற் போகும். பழைய தூவிகளோ சில நாட்களே வாழ்வன. இதனால்தான் ஈரமுள்ள நிலத்திலும் பயிர் தாகத்தால் வாடுகின்றது.

உட்சட்டம் என்பது யாது?

ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் நுண்ணிய இழைகளாலான ஒரு சட்டம் உண்டு. மனித உடலுக்கு எலும்புக்கூடு எவ்வாறோ, அவ்வாறே உயிரணுவுக்கு இது. ஆயினும் எலும்பைப்போல் இது நிலையாக நிற்பதன்று. வேண்டுமிடத்தில் கட்டப்பட்டும், வேண்டாதவிடத்துக் கலைக்கப்பட்டும் நிமிஷத்திற்கு நிமிஷம் மாறிக்கொண்டேயிருப்பது. இதனை உட்சட்டம் என்று சொல்லலாம்.

இச்சட்டத்தில் இரண்டு வகை இழைகள் முக்கியமானவை. முதலாவது நுண்குழல். இது டியூபுலின் என்னும் புரதத்தின் மணிகள் கோத்து அமைந்த குழல். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே இதன் பருமன். தாவர உயிரணுக்களில் இக்குழல்கள் இருப்பதை 1963-ஆம் ஆண்டில் லெட்பெட்டர், போர்ட்டர் என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கொண்டு கண்டு வெளியிட்டனர். இரண்டாவது, இதனினும் மெல்லிய ஆக்டின் இழை. உயிரணுவினுள்ளே பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவதற்கு இது பாதையாய் நிற்கின்றது.

நுண்குழல்களின் வேலையை விளக்க வைக்கோற்புரி சுற்றிய நெற்சேர் நல்ல உவமையாகும். நெல்லைக் கொட்டக் கொட்ட அது பக்கவாட்டில் சரிந்து பரவப் பார்க்கும். சுற்றிலும் புரியை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டு போனால், நெல் பக்கவாட்டில் பரவ முடியாமல் மேல்நோக்கி உயர்கிறது. உயிரணுவின் உள்ளே நீர் புகுந்து நாற்புறமும் தள்ளுகின்றது. அதன் சுவரில் செல்லுலோஸ் இழைகள் குறுக்கு வளையங்களாக அமைந்திருந்தால், அது பருக்காமல் நீளுகின்றது. அவ்விழைகள் எத்திசையில் அமையவேண்டும் என்று வழிகாட்டுபவை சுவரின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் நுண்குழல்களே. புரி அறுந்தால் சேர் சரிவதுபோல, நுண்குழல் குலைந்தால் உயிரணு நீளாமல் உருண்டு பருக்கின்றது. மேலே சொன்ன குண்டாந்தடி வேர் இவ்வாறு உண்டாவதே. உயிரணு பிளவுபடும்பொழுது இரு பங்குகளையும் பிரித்து இழுப்பவையும் நுண்குழல்களே ஆதலால், அவை குலைந்தால் பெருக்கமும் நின்றுவிடும்.

வளர்ச்சியை ஏவும் ஹார்மோன்கள்

உட்சட்டம் வேலையாள் என்றால், வேலையை ஏவுவன ஹார்மோன்கள். இவை மிக மிகச் சிறிய அளவில் தாவரத்தினுள் உண்டாகி, வளர்ச்சியைத் தூண்டியும் அடக்கியும் நடத்தும் பொருள்கள். வேரைப் பொறுத்தவரை மூன்றை அறிந்துகொண்டால் போதும்.

ஆக்ஸின் என்பது பெரும்பாலும் இளந்தளிர்களில் உண்டாகி வேர் நுனிக்கு இறங்குவது. வேர் நுனியிலும் ஓரளவு உண்டாவது. 1880-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டார்வினும் அவர் குமாரர் பிரான்சிஸும், நுனி துண்டிக்கப்பட்ட வேர் பூமியை நோக்கி வளையும் திறனை இழக்கிறது என்று பரீட்சைகளால் காட்டினர். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1928-இல் வென்ட் என்பவரால் ஆக்ஸினின் இருப்பு நிலைநாட்டப்படும் அளவிற்கு வளர்ந்தது. சைட்டோகைனின் என்பது வேர் நுனியில் மிகுதியாக உண்டாகி, நீரோடு மேலேறி, மொட்டுகளைக் கிளைக்கச் செய்து, இலைகளின் பசுமையைக் காப்பது. வேருக்குத் தழைச்சத்து நன்கு கிடைக்கும்பொழுது இதன் உற்பத்தி பெருகுகின்றது. வேர் கெட்ட பயிரின் அடியிலைகள் விரைவில் மஞ்சளிப்பதற்கும், நெல் தூர் கட்டாமைக்கும் இதன் குறைவும் ஒரு காரணம். இளநீரில் இவ்வினப் பொருள் இயற்கையாகவே உண்டு. இக்காலத்துத் திசுவளர்ப்பு வாழைக்கன்றுகள் உருவாவது ஆக்ஸின், சைட்டோகைனின் இவ்விரண்டின் விகிதத்தை மாற்றுவதாலேயே. ஆக்ஸின் மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும் தோன்றும் என்று ஸ்கூகும் மில்லரும் 1957-இல் புகையிலைத் திசுவைக்கொண்டு விளக்கினர்.

மூன்றாவது ஜிப்பரெல்லின். இதன் சரித்திரம் நெற்பயிரோடு பிறந்தது. நாற்றங்காலில் சில நாற்றுகள் வெளிறி, மற்றவற்றினும் மிக உயர்ந்து, பின் பட்டுப்போவதைக் குடியானவர் அறிவர். 1926-இல் குரோசவா என்னும் ஜப்பானியர், அந்நோயை உண்டாக்கும் பூஞ்சையின் கசிவே நாற்றை அவ்வாறு நீளச் செய்கின்றது என்று கண்டார். பின்னர் அப்பொருளே ஜிப்பரெல்லின் என்று பெயர் பெற்றது. ஆரோக்கியமான தாவரமும் இதனைத் தனக்கு வேண்டிய அளவில் தானே செய்துகொள்கின்றது. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 முதலிய குட்டை நெல் ரகங்களின் தண்டு குட்டையாயிருப்பது, தண்டில் ஜிப்பரெல்லின் குறைவதனாலேயே என்பது 2002-இல் தெளிவாயிற்று.

சட்டத்தின் வேலையாள் ஹார்மோனை ஏவிய கதை

ஹார்மோன் ஏவ, சட்டம் பணிசெய்கிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அதற்கு எதிர்த்திசையிலும் ஏவல் நடக்கக்கூடும் என்பதற்கு நெற்பயிரே சான்றளித்தது.

நுண்குழல்கள் வெறும் தூண்கள் அல்ல. அவற்றின்மேல் நடந்து சுமை எடுத்துச்செல்லும் கைனெஸின் என்னும் புரதங்களும் உண்டு. சீன தேசத்து ஆராய்ச்சியாளர், வேர், தண்டு, கதிர், மணி ஆகிய யாவும் குறுகிப்போன ஒரு நெற்செடியை எடுத்துச் சோதித்து, அதன் முடிவை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்செடியில் பழுதுற்றிருந்தது ஒரு கைனெஸின் புரதத்தின் மரபணு. அதே மரபணு பழுதுற்றால் நெற்றண்டு எளிதில் ஒடியும் என்பது அதற்கு முந்திய ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. அப்புரதம் நுண்குழலைப் பற்றிக்கொள்வது. அதனோடு ஜிப்பரெல்லினைச் செய்யும் நொதிகளுள் ஒன்றின் மரபணுவின்மேலும் சென்று அமர்ந்து, அந்நொதியின் உற்பத்தியைத் தூண்டுவது. அப்புரதம் பழுதானபொழுது நொதி குறைந்தது. நொதி குறையவே ஜிப்பரெல்லின் குறைந்தது. நுண்குழல்களின் வரிசையும் மாறிற்று. உயிரணு நீளாமையால் வேரும் தண்டும் குறுகின. உட்சட்டத்தைச் சார்ந்த ஒரு வேலையாள் ஹார்மோனின் உற்பத்தியையே நடத்தும் அதிசயம் இவ்வாறு வெளியாயிற்று.

இதில் குடியானவர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அக்குட்டைச் செடிக்கு வெளியிலிருந்து ஜிப்பரெல்லின் கொடுக்கப்பட்டபொழுது, அதன் வளர்ச்சி மீண்டது. ஏனெனில் அங்கே குறைவாயிருந்தது ஹார்மோன். ஏவலை ஏற்று நடத்தும் நுண்குழல்கள் அழிந்துபோகவில்லை.

இதற்கு மாறான பரீட்சை ஒன்றை ஷிபாவோகா என்னும் ஜப்பானியர் 1972-இல் வெளியிட்டார். உளுந்துக்கு இனமான அசுகிப் பயற்றின் தண்டுத் துண்டுகள் ஜிப்பரெல்லினால் நீளும். ஆனால் நுண்குழல்களைக் குலைக்கும் கோல்சிசின் என்னும் பொருளைச் சேர்த்தபொழுது, ஜிப்பரெல்லினால் வரவேண்டிய நீட்சி அடங்கிற்று. இவ்விரண்டு பரீட்சைகளையும் சேர்த்துப் பார்த்தால் பெறப்படும் உண்மை இதுவே: ஹார்மோன் குறைவால் வந்த குறை ஹார்மோனால் தீரும், சட்டம் குலைந்ததால் வந்த குறை ஹார்மோனால் தீராது. கொத்தனார் இல்லாத இடத்தில் மேஸ்திரி எத்தனை உரக்கக் கூவினும் சுவர் எழும்பாது.

வேர் எங்கே போகவேண்டும் என்பதும் சட்டத்தின் செயலே

வேர் நுனியின் மூடியில் மாவு மணிகள் நிறைந்த உயிரணுக்கள் உண்டு. வேர் சாய்ந்தால் மணிகள் கீழ்ப்புறமாய் விழுகின்றன. அப்புறம் ஆக்ஸின் மிகுகின்றது. வேரில் ஆக்ஸின் மிகுந்த புறம் நீட்சி குறைவதால் வேர் கீழ்நோக்கி வளைகின்றது. ஆக்ஸினை ஒரு புறமாய் வெளியேற்றும் வாயிற்புரதங்களை உரிய இடத்தில் நிறுத்துவதற்கு ஆக்டின் இழைகள் உதவுகின்றன.

நெல்லில் ஆக்டின் இழைகளை அமைக்கும் ஒரு புரதம் ஆக்ஸினுக்கும் ஆக்டினுக்கும் நடுவே கண்ணியாய் நிற்கின்றது என்பது 2014-இல் வெளியாயிற்று. அப்புரதம் மாவு மணிகள் விழும் வேகத்தைத் தணித்து, கணுவேர்களைச் சற்றுப் பக்கவாட்டில் ஓடச் செய்கின்றது என்பது 2018-இல் தெரிய வந்தது. மணிச்சத்துக் குறைந்த இடத்தில் நெல் இப்புரதத்தை மிகுதியாய்ச் செய்து, வேர்களை மேல்மண்ணில் பரப்புகின்றது. மணிச்சத்து நீரோடு ஆழத்திற்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே தங்குவதாகையால், இது பயிரின் புத்திசாலித்தனமான ஏற்பாடு எனலாம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. வேர் மேலாகப் பரவினால் வறட்சியைத் தாங்காது. பிலிப்பைன்ஸ் நாட்டு மேட்டு நெல்லாகிய கினாண்டாங் பட்டோங்கிலிருந்து, வேரை ஆழமாய் இறக்கும் மரபணு ஒன்றை ஐ.ஆர். 64 ரகத்திற்கு மாற்றி, வறட்சியில் அதன் விளைவு காக்கப்படுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2013-இல் காட்டினர். அம்மரபணுவும் ஆக்ஸினின் ஏவலுக்குக் கட்டுப்பட்டதே. வாய்க்காலின் கடைமடையில் உள்ள நிலங்களுக்கு ஆழவேர் எத்துணை அவசியம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

சட்டத்தைக் குலைக்கும் பொருள்கள்

நுண்குழல்களைக் குலைக்கும் பொருள்களுள் முதன்மையானது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கண்வலிக்கிழங்கு என்று வழங்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் அதுவே. கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அதன் விதைக்காகவே இக்கொடி பயிரிடப்படுகின்றது. மனிதருக்கும் கால்நடைக்கும் இது கொடிய விஷம். ஆதலால் விதையையும் கிழங்கையும் பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்தல் வேண்டும். கோல்சிசின் டியூபுலின் மணியைப் பற்றிக்கொண்டு குழல் கோக்கவொட்டாமல் தடுக்கின்றது. 1937 முதல் பயிர் அபிவிருத்தியில், நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்க இது பயன்பட்டு வருகின்றது. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தில் மக்னோலியா முதலிய செடிகளில் இதனைப் பிரயோகித்துப் புகழ் பெற்றார்.

குடியானவர் கையில் உள்ள பொருளோ பெண்டிமெத்தலின் என்னும் களைக்கொல்லி. சின்ன வெங்காயம், நிலக்கடலை, பருத்தி, நேரடி விதைப்பு நெல் ஆகியவற்றில், களை முளைக்குமுன் தெளிக்கப்படும் இம்மருந்தும் டியூபுலினைப் பற்றி நுண்குழலைக் குலைப்பதே. முளைக்கும் புல்லின் வேர் நுனி தடித்து நிற்கும், புல் மாளும். மருந்து மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்குகின்றது. பயிரின் வேர் அதற்குக் கீழே ஓடுவதால் பயிர் தப்புகின்றது. அதாவது, பயிரைக் காப்பது மருந்தின் நற்குணம் அன்று, ஆழமும் அளவுமே.

இவ்விரண்டில் ஒன்று தவறினும் புல்லுக்கு நேர்ந்தது பயிருக்கும் நேரும். அளவு மிஞ்சுதல், தெளிப்பான் ஒரே இடத்தில் இரு முறை போதல், வெங்காயத்தை மிக மேலாக ஊன்றுதல், மணற்பாங்கான நிலத்தில் தெளித்தவுடன் பெருமழை பெய்தல், நேரடி விதைப்பில் விதை மண்ணால் மூடப்படாமல் கிடத்தல் ஆகியவை இக்கேட்டிற்கு வழக்கமான காரணங்கள்.

வேரைப் பார்த்து நோயறிதல்

பயிர் குன்றி நிற்கும் வயலில், மருந்து வாங்குவதற்கு முன் வேரைப் பார்த்தல் வேண்டும். செடியைப் பிடுங்கினால் நுனிகள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். ஆகையால் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாய் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்க்கவேண்டும். குன்றிய செடிகள் ஐந்தும், அதே வயலில் நன்றாயுள்ள செடிகள் ஐந்தும் எடுத்து ஒப்பிடுதல் நலம். அங்ஙனம் பார்க்கையில் காணும் குறிகள் வருமாறு:

1. வேர் மெலிந்து நீண்டு, நுனி கூராய் இருந்தால், அது நீர்க்குறைவு. நுனி பழுதன்று, நீர் கிடைத்தால் பயிர் தேறும்.

2. வேர் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால், அது நீர் தேங்கிக் காற்றோட்டம் இன்மையால் வந்தது. சேற்று நெல்லின் வேர் துருப்போல் செந்நிறமாயிருப்பது இயற்கை, அதற்கு அஞ்சவேண்டா.

3. வேரில் நெடுகிலும் முடிச்சுகள் இருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழு. நெல்லில் இப்புழு வேர் நுனியையே கொக்கிபோல் வளைத்து முடிச்சாக்குவதால், களைக்கொல்லியின் கேடென்று மயங்க இடமுண்டு. நூற்புழு வயலில் திட்டுத் திட்டாய்க் காணும். பருவத்திற்குப் பருவம் திட்டு அகலும்.

4. முடிச்சில்லாமல், நுனிகள் மட்டும் ஒரே சீராய்த் தடித்து, பக்கவேர்கள் குறுகி நின்றால், அது நுண்குழல் குலைந்த வேர். இக்கேடு தெளிப்பான் சென்ற வழியே வரிவரியாகவோ, வரப்போரத்திலும் திரும்பும் இடங்களிலும் மிகுந்தோ, வயல் முழுவதும் ஒரே சமயத்திலோ காணும்.

5. நிலத்தின் மேல் வெண்மையோ கருமையோ படிந்து, மண் இறுகி, வேர் குறுகிப் பழுப்பேறியிருந்தால், அது உவர் அல்லது களர். உப்பு மிகுந்தபொழுதும் வேரின் நுண்குழல்கள் முதலில் கலைந்து, பின்பு புதிதாய் அமையவேண்டியிருக்கின்றது என்று கடுகின ஆய்வுச்செடி ஒன்றில் கண்டுள்ளனர். நிலத்தைத் திருத்தாதவரை இத்தொல்லை ஒவ்வொரு பயிருக்கும் தொடரும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. வறட்சியென்று அடங்கலில் குறிக்கப்படுவது மெய்யாகவே வறட்சிதானா என்பது வேரைப் பார்த்தால் விளங்கும். பயிர்க் காப்பீட்டிலும் நிவாரணத்திலும் கணக்கில் வருவது இயற்கை இடரால் நேர்ந்த சேதமே. மருந்தின் அளவு தப்பியதால் நேர்ந்ததை வறட்சியென்று எழுதினால், பின்னர் நடக்கும் தணிக்கையில் குடியானவருக்கும் அதிகாரிக்கும் ஒருங்கே தொல்லை. உண்மையான வறட்சியை "மருந்துக் கேடு" என்று தள்ளிவிட்டாலோ, ஏழைக் குடும்பத்தின் ஒரு வருஷத்து ஜீவனம் போகும்.

செய்யத்தக்கவை

பெண்டிமெத்தலின் 30 விழுக்காடு மருந்தில், வெங்காயத்திற்கும் நிலக்கடலைக்கும் எக்டருக்கு 3.3 லிட்டர், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் என்பது பரிந்துரை. நட்ட அல்லது விதைத்த மூன்றாம் நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கையில், அகன்ற வாய்க்குழலால் ஒரே சீராய்த் தெளிக்கவேண்டும். வேறு பயிருக்கும் வேறு வலுவுள்ள மருந்திற்கும் சீட்டில் கண்ட அளவே அளவு. வெங்காயத்தை ஆழந்தவறாது ஊன்றுக. நேரடி விதைப்பில் விதையை மண்ணால் நன்கு மூடுக. பெருமழைக்கு அறிகுறி இருந்தால் தெளிப்பை ஒத்திவைத்தல் விவேகம்.

கேடு நேர்ந்துவிட்ட வயலில் பொறுமையே முதல் மருந்து. நீர் தேங்கவிடாமல் மிதமான ஈரம் காத்து, மண்ணைக் கொத்திவிட்டால், காலப்போக்கில் மேல்மண்ணிலுள்ள மருந்தின் வலுக் குறையக் குறைய, செடி புதிய வேர்களை விடும். அவ்வேர்களின் நுனி கூராய் வெண்ணிறமாய்த் தோன்றிய பிறகே மேலுரம் இடவேண்டும். உறிஞ்சும் வேர் இல்லாத செடிக்கு யூரியா இடுவது, வாய் கட்டிய மாட்டின் முன் வைக்கோல் போடுவதை ஒக்கும்.

ஹார்மோன் தெளிப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வேர் வேண்டும் ஆக்ஸினின் அளவு, தண்டு வேண்டும் அளவினும் மிகமிகக் குறைவு. தண்டை வளர்க்கும் அளவே வேரை அடக்கிவிடும். 2,4-டி என்னும் களைக்கொல்லி ஆக்ஸின் இனத்தைச் சேர்ந்ததே என்பதும், நெல்வயலில் தெளித்த அதன் காற்றுப்பட்ட பருத்தியும் தக்காளியும் இலை சுருண்டு கெடுவதும் நினைவில் இருத்தற்குரியன. ஆகவே உள்ளிருக்கும் பொருளின் பெயரும் அளவும் எழுதப்படாத குப்பியை வாங்குதல் கூடாது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை 2021-இல் திருத்தப்பட்டு, உயிர்த்தூண்டிகள் என்று விற்கப்படும் பொருள்களும் அதன் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டன. எதை வாங்கினும் ரசீது கேட்டு வாங்கி, பயிர் அறுவடையாகும்வரை பத்திரப்படுத்தவேண்டும்.

நெல்லுக்கு மணிச்சத்தைக் கடைசி உழவில் அடியுரமாய் இட்டு மேல்மண்ணில் கலந்துவிடுதல், வேர் இயல்பாய் ஓடும் இடத்திலேயே உணவை வைப்பதாகும். களர் நிலத்தில் மண்ணைப் பரிசோதித்து, சொல்லப்பட்ட அளவு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுதல் முறையான திருத்தம். நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, திருச்சி வட்டாரத்துக் களர் நிலங்களைப் பற்றி ஆராய்ந்து வருகின்றது. அத்தகைய நிலங்களுக்கென்றே திருச்சி 1, திருச்சி 2, திருச்சி 3 என்னும் நெல் ரகங்கள் வெளியிடப்பட்டுள்ளன. நிலத்திற்கேற்ற ரகத்தை எடுப்பது, எந்தத் தெளிப்பினும் மலிவான மருந்து.

பயிர் தனக்கு வேண்டிய ஹார்மோன்களைத் தானே செய்துகொள்ளும் வல்லமை உடையது. அதற்கு வேண்டுவன நலமான வேர் நுனியும், அதனுள் குலையாத உட்சட்டமும், காற்றும் ஈரமும் உள்ள மண்ணுமே. இவற்றைக் காத்துக்கொடுத்தால் மற்றதைப் பயிர் பார்த்துக்கொள்ளும். பயிர் வாடி நிற்கும் நாளில் கடைக்குப் புறப்படுமுன் மண்வெட்டியோடு வயலுக்குச் சென்று, பத்துச் செடியின் வேரை அலசிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் ஒரு பருவத்து வெள்ளாமையைக் காக்கவல்லது.